ரத்தம் கொடுத்தவள் கேள்வி கேட்கக் கூடாதா?

எழும்பூர் மியூசியத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துப் போய், திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டி, வெளியே வந்து ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அந்த மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885-லிருந்து இருபது வருடத்துக்கும் மேல் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். டாக்டருக்குப் படித்தவர். அவருக்கு ஒரு வேலை ரொம்பப் பிடிக்கும். மனிதர்களின் மூக்கை அளப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அளவுக் கருவியும் கையுமாக நீலகிரிக்குப் போய், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் என்று ஒவ்வொரு சமூகத்து ஆட்களையும் நிற்க வைத்து, மூக்கு எத்தனை அகலம், எத்தனை நீளம், மண்டை எத்தனை சுற்றளவு என்று குறித்துக் கொண்டு வந்தார். 1909-ல் 'தென்னிந்தியாவின் ஜாதிகளும் பழங்குடிகளும்' என்று 7 தொகுதிகள் வந்தன. இன்றைக்கும் ஜாதி வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் புரட்டுகிற புத்தகம் அதுதான். அவருக்குப் பிறகு ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வந்தார். 1901-02-ல் சில மாதங்கள் தோடர்கள் மத்தியில் இருந்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் பேசிவிட்டு, 1906-ல் 700 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். மானுடவியல் படிக்கிறவர்களுக்கு அது வேதம்.

1952-ல் இன்னொரு கட்டுரை, பிரிட்டிஷ் மருத்துவ இதழில். லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, தென்னிந்தியாவிலும் சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் குறைபாடு இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். பெரிய கண்டுபிடிப்புதான். மறுக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கழித்தல் கணக்குப் போடுங்கள். நான் பி.காம். படித்தவன், கணக்கு என்றால் கை தானாகப் போகும். சிக்கிள் செல் நோயை ஒழிக்க மத்திய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது 2023 ஜூலை 1-ம் தேதி, மத்தியப் பிரதேசம் ஷாடோலில். 2023-லிருந்து 1952-ஐக் கழித்தால் 71 வருஷம். ரத்தம் எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கென்று நாடு தழுவிய திட்டம் வருவதற்கு மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

நடுவில் யாருமே ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கூடலூரில் 1990-ல் ஆரம்பித்த ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிக் கிராமங்களிலிருந்தே இளம் பெண்களைக் கூட்டி வந்து நர்ஸ்களாகப் பயிற்சி கொடுத்து, சிக்கிள் செல் நோயாளிகளையும் தேடிப் பிடித்து வைத்தியம் பார்த்தது. அதற்கும் முன்னால், 1950-களில், தோடர் சமூகத்திலேயே பிறந்து, இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஈவம் பில்ஜெயின் என்ற பெண்மணி, பால்வினை நோயால் பிள்ளைப்பேறு குறைந்து சுருங்கிக் கொண்டிருந்த தன் ஜனங்களுக்கு நடுவே மருந்துப் பெட்டியோடு வேலை பார்த்தார். ரிவர்ஸ் பெயர் தெரிந்த பத்துப் பேரிடம் ஈவம் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தருக்குத் தெரிந்தால் அதிகம்.

இதுதான் என் கோபம். அளந்தவர்களுக்குப் புத்தகம். அளக்கப்பட்டவர்களுக்கு அட்டவணையில் ஒரு வரிசை எண். அந்த வரிசையில் நிற்கிற பெண் எழுந்து வந்து, 'கொஞ்சம் நகருங்க, அந்த நாற்காலியில நான் உட்கார்றேன், கேள்விகளை நான் எழுதறேன்' என்று சொன்னால், பல்கலைக்கழகமும் அரசாங்கமும் ஏன், நாமும்கூட, அதை ஒரு 'சலுகை' என்கிறோம். சலுகை இல்லை ஸார். ஆராய்ச்சி உருப்பட வேண்டுமென்றால் அது அவசியம்.

எப்படி என்று கேட்பீர்கள். அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம்.

அரிஸோனா மாநிலம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் என்ற பூர்வகுடிகள் இருக்கிறார்கள். சில நூறு பேர்தான். அவர்களுக்குள் சர்க்கரை நோய் பயங்கரமாகப் பரவியது. 1990-லிருந்து அரிஸோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் வந்து ரத்தம் கேட்டார்கள். 'சர்க்கரை வியாதிக்கு வழி கண்டுபிடிக்கிறோம்' என்றார்கள். 200 பேருக்கு மேல் கையை நீட்டினார்கள். யார்தான் நீட்ட மாட்டார்கள்?

2003-ல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தன் பிஎச்.டி. ஆய்வைப் பற்றிப் பேசினார். பார்வையாளர்களில் கார்லெட்டா டிலூசி என்ற ஹவாசுபாய் பெண் உட்கார்ந்திருந்தார். ஆய்வு தன் ஜனங்களின் ரத்தத்தை வைத்துத்தான். ஆனால், பேச்சில் சர்க்கரை நோய் இல்லை. கேட்கக் கேட்க இவருக்கு எங்கேயோ உதைத்தது. பேச்சு முடிந்ததும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதற்கெல்லாம் எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா?

வாங்கவில்லை. தோண்டத் தோண்ட வந்தது. சர்க்கரைக்கென்று எடுத்த ரத்தத்தில் மனநோய் ஆராய்ச்சி நடந்திருந்தது. நெருங்கிய உறவில் கல்யாணம் பண்ணுகிற பழக்கம் எவ்வளவு என்ற ஆராய்ச்சி நடந்திருந்தது. முன்னோர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்களா என்ற ஆராய்ச்சியும் நடந்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்குதான் தாங்கள் உதித்த இடம் என்று நம்புகிற ஜனங்கள் அவர்கள். அந்த நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையே அந்த நம்பிக்கையில் நிற்கிறது. 2004-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்தது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்ப ஒப்படைப்பு.

13 வருஷம் அந்த ரத்தம் கை மாறிக் கொண்டிருந்தது. எத்தனை பேராசிரியர்கள், எத்தனை கமிட்டிகள் கண்ணில் பட்டிருக்கும்? அவர்களில் யாருக்கும் உறுத்தாதது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு உறுத்தியது. அவர் பெரிய மேதை என்பதால் அல்ல. அது அவர் வீட்டு ரத்தம் என்பதால்.

அமெரிக்காதானே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள்.

2009 ஜூலை. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டம். இப்போது தெலங்கானா. பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் இருந்த சுமார் 14,000 பெண் குழந்தைகளுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். அந்தக் குழந்தைகளில் நிறையப் பேர் பழங்குடிகள், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள். 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். ஆந்திராவிலும், கூடவே இது நடந்த குஜராத்திலுமாக 7 சிறுமிகள் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. நானும் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. எச்.பி.வி. ஊசி நல்ல ஊசி, உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு டாக்டர் சொன்னால் தாராளமாகப் போடுங்கள்.

பிரச்னை வேறு. விசாரணையில் ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். 9,543 படிவங்கள். அதில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் யார் தெரியுமா? ஹாஸ்டல் வார்டன்கள்! பெற்ற அம்மா காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருக்கிறாள். அவள் மகளின் உடம்பில் ஊசி போடலாம் என்று வார்டன் கையெழுத்துப் போடுகிறார். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதையெல்லாம் சாட்டை எடுத்து விளாசியது.

அதே திட்டம், நம் சென்னையின் பெரிய கான்வென்ட் ஒன்றில் நடந்திருந்தால்? பி.டி.ஏ. மீட்டிங்கில் அப்பாக்கள் கூகுள் பண்ணிக் கொண்டு வந்து கேள்வி கேட்டே தீர்த்திருப்பார்கள். படிவத்தில் வார்டன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எத்தனை கமிட்டி அறைகளைத் தாண்டி வந்திருக்கும் அந்தத் திட்டம்? அந்த அறைகளில் ஒரு நாற்காலியில், ஆசிரமப் பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் படித்து வளர்ந்த ஒரு கோயாப் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தால், முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'லீவுக்கு இந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போவாங்கல்ல, அப்ப அம்மாகிட்ட கேட்டா என்ன?'

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. அந்த ஹாஸ்டலில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி அவருடையதுதான். 'அப்படின்னா ஹார்ட் பேஷன்ட்தான் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ஆகணுமா? விஞ்ஞானத்துக்கு ஏதுங்க ஜாதி, பெண், ஆண்? சொந்த ஜனங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினா பாரபட்சம் வராதா?'

நண்பரே, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் பக்கம் போயிருக்கிறீர்களா? அதை 1954-ல் கொண்டு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏன் கொண்டு வந்தார்? சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக ஏன் அத்தனை ஆவேசமாக நின்றார்? அவர் அம்மா எந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் புரியும். அதைப் பாரபட்சம் என்றால், அப்படிப்பட்ட பாரபட்சம் நாட்டுக்கு இன்னும் நாலு படி வேண்டும். 1907-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் அவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால், அன்றைக்கு எல்லோரும் 'தகுதி' என்றுதான் காரணம் சொல்லியிருப்பார்கள்.

தவிர, மூக்கை அளந்து மனிதனை ரகம் பிரித்தாரே தர்ஸ்டன், அது பாரபட்சம் இல்லையா? அதற்குப் பெயர் அந்தக் காலத்தில் விஞ்ஞானம்.

உள்ளேயிருந்து வருகிறவர்கள் தங்கள் ஜனங்களுக்கு ஜால்ரா போடுவார்கள் என்பதும் உண்மையில்லை. மேகாலயாவில் காசி பழங்குடிகள் தாய்வழிச் சமூகம். சொத்து கடைக்குட்டி மகளுக்குப் போகும், பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். வெளியிலிருந்து போன எழுத்தாளர்கள் எல்லாம் 'ஆகா, பெண்கள் ஆளும் பூமி!' என்று சிலாகித்து எழுதிவிட்டு விமானம் ஏறினார்கள். டெல்லி ஜே.என்.யூ.வில் சமூகவியல் பேராசிரியராக இருந்த டிப்லுட் நோங்ப்ரி ஒரு காசிப் பெண். அவர் எழுதியது என்ன? சொத்து பெண் பெயரில், முடிவு தாய்மாமன் கையில். ஊர்ச் சபையில் பெண்ணுக்குப் பேச்சில்லை. தன் சமூகத்தின் குறையை வெளியாரை விடத் துல்லியமாகத் தொட்டுக் காட்டியவர் அந்த வீட்டுப் பெண்தான். 'பெண்ணாட்சி' என்ற டூரிஸ்ட் வசனத்தை உடைத்ததும் அவரைப் போன்றவர்கள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் நியூசிலாந்தில் இருக்கிறது. இரிஹபெட்டி ராம்ஸ்டன். மாவோரி பூர்வகுடி, தொழில் நர்ஸ். 1980-களின் கடைசியில் மாவோரி நர்ஸிங் மாணவிகள் கூடிய ஒரு கூட்டத்தில், ஒரு மாணவி கேட்டாளாம். நோயாளியின் சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் சொல்லித் தருகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே?

ராம்ஸ்டன் அந்தக் கேள்வியை விடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்கிற கவனிப்பு நல்லதா கெட்டதா என்று யார் தீர்மானிப்பது? அதுவரை டாக்டரும் நர்ஸும்தான் தீர்மானித்தார்கள். நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும் என்றார் இவர். படுக்கையில் கிடக்கிறவள் தன்னைக் கேவலப்படுத்தியதாக உணர்ந்தால், மருந்து சரியாக இருந்தாலும் அது பாதுகாப்பான வைத்தியம் இல்லை. 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று இதற்குப் பெயர் வைத்தார். 1992-ல் நியூசிலாந்து நர்ஸிங் கவுன்சில் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அடுத்த வருஷமே பத்திரிகைகளில் ஒரே கூச்சல். அரசியல் பாடம் நடத்துகிறார்கள் என்று குதித்தார்கள். ராம்ஸ்டன் அசரவில்லை. 2002-ல் இதையே ஆய்வேடாக எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். 2003-ல் காலமாகிவிட்டார்.

இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் நியூசிலாந்துக்குப் போகிற நர்ஸ்கள், அந்த ஊரில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பண்பாட்டுப் பாதுகாப்பைக் கற்றுக் கொண்டாக வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ், பிரசவ வலியில் கத்துகிற மலைவாசிப் பெண்ணை என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்று நான் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

அந்தத் திட்டு எந்த ஆராய்ச்சியிலும் வராது. ஏன் என்று சொல்கிறேன். ஒரு சர்வே படிவத்தைக் கற்பனை செய்யுங்கள். 'பிரசவத்துக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? அ) தூரம் ஆ) பணம் இல்லை இ) விழிப்புணர்வு இல்லை ஈ) பாரம்பரிய நம்பிக்கை.' தயாரித்தது டெல்லியிலோ சென்னையிலோ ஏ.சி. அறையில். கேட்கப் போகிறவருக்கு பணியர் பாஷை தெரியாது. பதில் சொல்லும் பெண் தலையைக் குனிந்து கொண்டு ஏதோ முனகுவாள். இவர் 'இ' போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். 'போன தடவை அங்க என்னைத் திட்டினாங்க. ஆம்பளை டாக்டர் முன்னால துணியை அவுக்கச் சொன்னாங்க. எங்க பாஷையைக் கேட்டுச் சிரிச்சாங்க' என்பதற்குக் கட்டமே இல்லையே, எங்கே டிக் பண்ணுவது? கடைசியில் புள்ளிவிவரம் வரும். பழங்குடிப் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை. அடுத்த வருஷம் விழிப்புணர்வுக்குப் பட்ஜெட் ஒதுக்குவார்கள். ஃப்ளெக்ஸ் போர்டு அடிப்பார்கள்.

டாக்டர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018-ல் பழங்குடிகளின் ஆரோக்கியம் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தது. நல்ல அறிக்கை, அக்கறையோடு எழுதியது. பழங்குடிகளுக்கென்று தனி விவரங்களே சரியாக இல்லை என்று அந்தக் குழுவே தலையில் அடித்துக் கொண்டது. பத்து முக்கியப் பிரச்னைகளைப் பட்டியல் போட்டார்கள். மலேரியா, சத்துக்குறைவு, சிசு மரணம், சிக்கிள் செல் என்று போகும் அந்தப் பட்டியலில் பழங்குடிகளின் சுகாதார அறிவும் ஒன்று. சரி, அவர்களைப் பற்றி நமக்கிருக்கும் அறிவு எந்தப் பட்டியலில் வரும்?

அந்தச் சிக்கிள் செல் இயக்கத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை என்பது இலக்கு. பரிசோதித்து ஒரு கார்டு கொடுக்கிறார்கள். அப்பா, அம்மா இருவருக்குமே அந்த மரபணு லேசாக இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நூற்றுக்கு இருபத்தைந்து வாய்ப்பு. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம் பார்ப்பது மாதிரி இரண்டு கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். மருத்துவப்படி சரி. ஆனால், கார்டில் 'இருக்கிறது' என்று வந்த பதினேழு வயதுப் பெண்ணின் கதி என்ன? மாப்பிள்ளை வீட்டார் அவள் கார்டைக் கேட்பார்கள். பையன் கார்டை இவர்கள் கேட்க முடியுமா? பையனுக்கும் இருந்தால், பழி யார் மேல் விழும்? அவள் கார்டை ஒளித்து வைப்பாளா, கிழித்துப் போடுவாளா? 7 கோடிக் கார்டுகளின் வெற்றி தோல்வி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதைக் கேட்டுத் தெரிந்து கொள்ள, அந்தப் பெண்ணோடு ஆற்றங்கரையில் துணி துவைத்துக் கொண்டே பேசக் கூடிய ஒரு ஆராய்ச்சியாளர் வேண்டும். அவர் கண்டுபிடித்ததை ஐ.சி.எம்.ஆர். மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்லவும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

அப்படிப்பட்டவர்களை உருவாக்க நாம் என்ன செலவு செய்கிறோம்? வாருங்கள், என் பி.காம். மூளைக்கு மறுபடி வேலை.

2011 சென்சஸ்படி இந்தியாவில் பழங்குடிகள் 10 கோடியே 43 லட்சம். பெண்கள் கிட்டத்தட்ட 5 கோடியே 19 லட்சம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 49 பேர்தான். வெளிநாட்டில் மேற்படிப்பு, ஆராய்ச்சி படிக்கப் பழங்குடிகளுக்கென்று மத்திய அரசின் தேசிய உதவித்தொகை ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு எத்தனை இடம்? 20. இருபதாயிரம் இல்லை, இருநூறு இல்லை, இருபது. அதில் 30 சதவிகிதம் பெண்களுக்கு. ஆக, 6. ஐந்து கோடியே பத்தொன்பது லட்சத்தை ஆறால் வகுத்தால், 86 லட்சத்துச் சொச்சம் பெண்களுக்கு ஒரு ஸீட்டு. அதே 2011 சென்சஸில் சென்னைப் பெருநகரத்தின் மொத்த ஜனத்தொகையே 86 லட்சத்துச் சொச்சம்தான். திருவொற்றியூரிலிருந்து தாம்பரம் வரை இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே ஒரு ஸீட்டு என்று அறிவித்தால் நாம் சும்மா இருப்போமா?

உள்நாட்டு பிஎச்.டி.க்கு வருஷத்துக்குப் புதிதாக 750 ஃபெல்லோஷிப். ஆண், பெண், எல்லாப் பாடங்களும், மொத்த இந்தியாவும் இதற்குள். அந்தப் பணமும் மாதாமாதம் வந்தால் சரி. ஆறு மாதம், எட்டு மாதம் என்று உதவித்தொகை நின்றுபோய் ஆய்வு மாணவர்கள் அலைகிற செய்திகள் பேப்பரில் வந்து கொண்டேதான் இருக்கின்றன. அப்பாவுக்கு டவுனில் சொந்த வீடு இருக்கிற மாணவன் எட்டு மாதம் தாங்குவான். மலைக்கிராமத்திலிருந்து வந்து, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டி, வீட்டுக்கும் ரெண்டாயிரம் அனுப்புகிறவள் மூன்றாவது மாதமே மூட்டையைக் கட்டிவிடுவாள். அவளுக்குத் தகுதி போதவில்லை என்று நாம் எழுதிக் கொள்வோம்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் ஒரு படி மேலே. மற்றவர்களுக்கு ஜாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவார். பழங்குடி என்றால் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும். போலிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, நியாயம்தான். ஆனால், நடப்பது என்ன? போலி வாங்குகிறவனுக்கு எப்படியோ கிடைத்துவிடுகிறது. நிஜமான இருளர் குடும்பத்துப் பிள்ளை, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, 'நீ இருளர்தான்னு நிரூபி' என்று கேட்கிற அதிகாரி முன்னால் வருஷக்கணக்கில் நிற்கிறது. தர்ஸ்டனுக்கு மூக்கைப் பார்த்ததும் தெரிந்தது, இவர்களுக்குத் தாத்தாவின் பத்திரம் வேண்டுமாம்!

இத்தனையும் தாண்டி உள்ளே போனாலும் ஆபத்து தீர்வதில்லை. டாக்டர் பாயல் தட்வி. மகாராஷ்டிராவின் தட்வி பில் பழங்குடிப் பெண். மும்பையில் மகப்பேறு மருத்துவம் மேற்படிப்புப் படித்துக் கொண்டிருந்தவர், 2019 மே 22-ம் தேதி தற்கொலை செய்து கொண்டார். 26 வயது. இடஒதுக்கீட்டில் வந்தவள் என்று சொல்லிக் கொடுமைப்படுத்தியதாக மூன்று சீனியர் பெண் டாக்டர்கள் மீது வழக்குப் பதிவானது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இன்று தன் ஜனங்களுக்குப் பிரசவம் பார்த்துக் கொண்டிருப்பார். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் இல்லை என்று நமக்குச் சொல்லியிருப்பார்.

சொனாஜாரியா மின்ஜ் தப்பித்துக் கரையேறியவர். ஜார்க்கண்டின் ஒராவோன் பழங்குடி. பள்ளியில் கணக்கு டீச்சர் 'உனக்கெல்லாம் இது வராது' என்று சொன்னதைப் பேட்டிகளில் சிரித்துக் கொண்டே சொல்லியிருக்கிறார். ஜே.என்.யூ.வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியரானார். 2020-ல் தும்கா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 2025-ல், பூர்வகுடிகளின் அறிவை ஆராய்ச்சி செய்வதற்கு யார் அனுமதி தர வேண்டும், பலன் யாருக்கு என்கிற விஷயத்துக்கென்றே அமைந்த யுனெஸ்கோ ஆய்வு இருக்கைக்கு, கனடாவின் பூர்வகுடிப் பெண் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து தலைமை ஏற்றார். கணக்கு வராத பெண்ணை யுனெஸ்கோ கூப்பிட்டது. நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

தனி ஒருத்தர் ஏறி வருவது அபூர்வ சாகசம். கூட்டமாக ஏறி வர வழி செய்வதுதான் கொள்கை. நியூசிலாந்தில் அதைத்தான் செய்தார்கள். லிண்டா துஹிவாய் ஸ்மித் என்ற மாவோரிப் பெண்மணி 1999-ல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. எழுதியதோடு நிற்கவில்லை. அவரும் அவர் கணவர் கிரஹாம் ஸ்மித்தும் மற்றவர்களும் சேர்ந்து, ஐந்து வருஷத்தில் 500 மாவோரி பிஎச்.டி.க்கள் என்று இலக்கு வைத்தார்கள். முதலில் சிரித்தவர்கள் உண்டு. 2002-ல் மாவோரி ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் வந்தது. வழிகாட்டிகள், மாதம் ஒருமுறை ஒன்றுகூடல், எழுதுவதற்கென்று தனி முகாம், கைக்குழந்தையோடு வரலாம் என்ற ஏற்பாடு. எட்டினார்கள்.

கனடாவில் 1998-லேயே பூர்வகுடிகள் நாலு விதி வகுத்துவிட்டார்கள். எங்களைப் பற்றிய தகவல் எங்கள் சொத்து, கட்டுப்பாடு எங்களுடையது, எங்களால் பார்க்க முடிய வேண்டும், எங்கள் கைவசம் இருக்க வேண்டும். இதைவிட எளிமையாக ஒரு பேங்க் பாஸ்புக்கைக்கூட விளக்க முடியாது.

நமக்கும் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஃபெல்லோஷிப் பணம் முதல் தேதி வர வேண்டும், அரசு ஊழியர் சம்பளம் மாதிரி. பழங்குடிகளின் உடம்பிலோ ஊரிலோ ஆராய்ச்சி பண்ண அரசுப் பணம் கேட்கிற ஒவ்வொரு திட்டத்திலும், அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் சம்பளம் வாங்கும் ஆராய்ச்சியாளராக இருந்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, 'களப் பணியாளர்' என்று தினக்கூலிக்கு இல்லை. கட்டுரை வரும்போது நன்றி நவிலலில் கடைசி வரியில் போடாமல், ஆசிரியர்கள் வரிசையில் அவர் பெயரைப் போட வேண்டும். கிராமத்து நர்ஸாகப் பத்து வருஷம் இருந்த பெண் ஆராய்ச்சிப் படிப்புக்கு வர ஒரு படிக்கட்டு கட்ட வேண்டும். இப்போது நர்ஸ் வரை ஏணி இருக்கிறது, அதற்கு மேல் ஏணியைக் காணோம்.

பணம் எங்கே என்று கேட்காதீர்கள். 20 இடத்தை 200 ஆக்கினால் நாடு திவாலாகிவிடாது. கணக்கு தெரிந்தவன் சொல்கிறேன்.

நீங்கள் செய்யக் கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் தமிழக அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. ஜபல்பூரில் மத்திய அரசின் பழங்குடி சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தோடு, இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வி அனுப்புங்கள். உங்களிடம் ஆராய்ச்சியாளர் பதவியில் இருக்கிறவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வந்தால் எனக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்பி வையுங்கள். அதை இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன், எண் எதுவாக இருந்தாலும்.